ஜெர்ரியை முதன்முதலாக எந்தப் படத்தில் பார்ப்பது?

டாம் அண்ட் ஜெர்ரியின் ரசிகர்கள் நான்கு பேர் கூடினால், பேச்சு சிறிது நேரத்திலேயே வழக்காடலாக மாறிவிடுகிறது. தன்னைத் தின்ன வரும் பூனையிடமிருந்து தப்புவதற்காகவே ஜெர்ரி அத்தனை தந்திரங்களையும் செய்கிறான், அவன்மேல் குற்றம் சொல்ல ஏதுமில்லை என்று ஒரு தரப்பினர் சொல்வார்கள். உண்மையில் பாவப்பட்டவன் டாம்தான், சிவனே என்று தூங்கிக்கொண்டிருப்பவனை வலியப் போய்ச் சீண்டுவதே அந்தச் சுண்டெலிக்குப் பிழைப்பு என்று மறு தரப்பினர் சொல்வார்கள். இரு தரப்பினருக்கும் சான்றுக்குக் குறைவில்லை; ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த படம் ஒன்றை எடுத்துக் காட்டுவார்கள். இந்த வழக்கைக் கூர்ந்து கவனித்தால், ஒருவர் எந்தப் படத்தை முதலில் பார்த்து மனத்தில் பதித்துக்கொண்டாரோ அந்தப் படத்து ஜெர்ரியே அவருக்கு என்றென்றைக்கும் ஜெர்ரியாக இருந்துவிடுவது தெரியும்.

எனவே, ஜெர்ரியை இதுவரை அறியாத ஒருவருக்கு, அவர் சிறுவராயினும் பெரியவராயினும், எந்தப் படத்தை முதலில் காட்டுவது என்பது யோசித்து எடுக்க வேண்டிய முடிவு. வில்லியம் ஹன்னா, ஜோசப் பார்பரா ஆகிய இருவரும் எம்ஜிஎம் நிறுவனத்தில் 1940 முதல் 1958 வரை இந்த இணையை வைத்து 114 குறும்படங்களை இயக்கினார்கள். அவற்றுள் 13 படங்கள் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டு, 7 படங்கள் விருதும் பெற்றன. ஏழெட்டு நிமிடங்களில் முடிந்துவிடும் படங்கள்தாம் என்றாலும், ஒன்றில் இருக்கும் ஜெர்ரி இன்னொன்றில் இருப்பதில்லை. சிலவற்றில் அவன் குட்டி எலிகளுக்குக் காவலனாக வருகிறான். சிலவற்றில் வீட்டையே புரட்டிப் போடும் விஷமக்காரனாக வருகிறான். கைக்குக் கிடைத்த தொகுப்பின் முதல் படத்தைப் போட்டுக் காட்டுவது பலருடைய வழக்கம். அப்படிச் செய்வதைக் காட்டிலும் சில படங்களை எதிரெதிராக வைத்துப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது நல்லது என்பது என் கருத்து.

தேர்வுக்கு நான் அடிப்படையாகக் கொள்வது ஜெர்ரியின் குறும்பு எப்படிப்பட்டது என்ற கேள்வியை. உயிருக்குப் பயந்து ஓடுகிறவன் எதையும் செய்வான். அதைக் கொண்டு அவனுடைய இயல்பை எடைபோட முடியாது. ஆபத்து இல்லாத வேளையில், அல்லது ஆபத்து விலகிவிட்ட பிறகும் அவன் என்ன செய்கிறான் என்று பார்த்தால்தான் ஆள் யாரென்று தெரியும். இப்படிப் பார்த்துக்கொண்டே போனால் ஒரு செய்தி தெளிவாகிறது. ஜெர்ரி மிகச் சிறந்த சேட்டைகளைச் செய்வது டாமின் கைகள் கட்டப்பட்டிருக்கும் வேளைகளில்தான். பொருள்களை உடைக்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது, யாரையும் துன்புறுத்தக் கூடாது, வாசிப்பை நிறுத்தக் கூடாது என்று டாமுக்கு ஏதேனும் ஒரு கட்டுப்பாடு இருக்கும். அந்தக் கட்டுப்பாட்டை டாமுக்கு முன்பே ஜெர்ரி புரிந்துகொண்டுவிடுவான். அவனுடைய வலிமை ஓட்டத்தில் இல்லை, உருவத்தில் நிச்சயமாக இல்லை. எதிராளி எதற்குக் கட்டுப்பட்டவன் என்பதை ஒரே பார்வையில் படித்துவிடும் அந்தக் கூர்மையே அவனுடைய வலிமை. முதலில் காட்டும் படம் இந்தக் கூர்மையைத் தெளிவாகக் காட்ட வேண்டும். அதே வேளையில் ஜெர்ரியைக் கொடியவனாகவோ, பரிதாபத்துக்குரியவனாகவோ தவறாக எண்ண வைத்துவிடக் கூடாது. உரையாடலின் துணையோ நம் விளக்கமோ இல்லாமல் புரியவும் வேண்டும்.

ஹன்னா, பார்பரா இருவரும் விலகிய பிறகு வந்த படங்களை இந்தத் தேர்வுக்கு நான் எடுத்துக்கொள்ளவில்லை. 1961, 1962 ஆண்டுகளில் ஜீன் டைச் பிராகாவில் இருந்து இயக்கிய 13 படங்களும், 1963 முதல் 1967 வரை சக் ஜோன்ஸின் தலைமையில் உருவான 34 படங்களும் தமக்கென ஒரு சுவை உடையவை. ஆயினும் ஜோன்ஸின் ஜெர்ரி பெரிய கண்களும் பெரிய காதுகளும் கொண்டு செல்லப்பிள்ளை போல மென்மையாகிவிட்டான்; அவனை முன்பே அறிந்தவர்கள்தாம் அந்த மாற்றத்தைச் சுவைக்க முடியும்.

முதலில் வந்ததையே முதலில் காட்டுவது இயல்பாகத் தோன்றும். 1940 பிப்ரவரியில் வெளிவந்த 'புஸ் கெட்ஸ் தி பூட்' படத்தில் பூனைக்கு ஜாஸ்பர் என்று பெயர். டாம், ஜெர்ரி என்ற பெயர்கள் அதற்குப் பிறகே சூட்டப்பட்டன. பூனை எலியின் வாலைப் பிடித்துக்கொண்டு விளையாடுகிறது. சுவரில் பொய்யாக ஒரு வளைவாசலை வரைந்து வைத்து, தப்பியோடும் எலியை அதில் மோதி விழ வைக்கிறது. இன்னும் ஒரு பொருள் உடைந்தால் வீட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்ற எச்சரிக்கை பூனைக்குக் கிடைத்ததும் ஆட்டம் தலைகீழாகிறது. எலி ஒரு கண்ணாடிக் கோப்பையை மேசையின் விளிம்பில் பிடித்துக்கொண்டு நிற்க, பூனை ஓரடியும் முன்வைக்க முடியாமல் தவிக்கிறது. அந்த எச்சரிக்கை யாருக்கு விடுக்கப்பட்டதோ அவருக்கு முன்பாகவே அதன் பயனை எலி கண்டுகொண்டுவிட்டது என்பதை அந்த ஒரு நிற்கும் தோரணையே சொல்லிவிடுகிறது. ஜெர்ரியின் முழுக் குணமும் விதையாக அங்கே இருக்கிறது.

இருந்தும் இதை முதற்படமாகப் பரிந்துரைக்க எனக்கு மனமில்லை. இந்த எலி இன்னும் முழுமையாக வரைந்து முடிக்கப்படாதவன். பின்னாளில் வரும் முகபாவங்களின் செழுமை இதில் இல்லை. பூனையின் கொடுமையை முதலில் நீளமாகக் காட்டிவிட்டு எலியின் பதிலடியைப் பிறகு காட்டுவதால், பார்ப்பவர் மனத்தில் பழிவாங்கும் கதையாகவே இது நின்றுவிடுகிறது. இன்னொரு காரணமும் உண்டு. வீட்டை ஆளும் கறுப்பினப் பணிப்பெண்ணின் பாத்திரம் அக்கால அமெரிக்காவின் இனக் கேலிச்சித்திர வழக்கில் அமைந்தது. 1960களில் தொலைக்காட்சிக்காக அந்தப் பாத்திரம் வரும் காட்சிகள் சிலவற்றை மாற்றி வரைந்தார்கள், குரலையும் மாற்றினார்கள். மூல வடிவில் காட்டினால் சிறுவர்களுக்கு அதைப் பற்றிப் பொறுப்பாக எடுத்துச் சொல்ல வேண்டும். சொல்ல வேண்டியதுதான், ஆனால் ஜெர்ரியை அறிமுகப்படுத்தும் முதல் ஏழெட்டு நிமிடங்கள் அதற்கு உகந்த இடமாக எனக்குப் படவில்லை.

குறும்பின் தூய வடிவம் எது என்று கேட்டால் பலர் 1944இல் வந்த 'தி மில்லியன் டாலர் கேட்' படத்தைச் சொல்வார்கள். டாமுக்குப் பத்து இலட்சம் டாலர் சொத்து வந்து சேர்ந்ததாகத் தந்தி வருகிறது, ஒரே ஒரு நிபந்தனையுடன்: எந்த உயிருக்கும், ஓர் எலிக்கும்கூட, அவன் தீங்கு செய்யக் கூடாது. செல்வந்தனாகி மாளிகைக்குக் குடிபோகும் டாமை ஜெர்ரி விட்டுவிட்டிருக்கலாம். தொல்லை ஒழிந்தது என்று பழைய வீட்டில் நிம்மதியாக இருந்திருக்கலாம். அவனோ பின்தொடர்ந்து வந்து சேர்கிறான்; டாமின் படுக்கையில் படுக்கிறான், அவனுடைய உணவில் கை வைக்கிறான்; டாம் கையை ஓங்கும் போதெல்லாம் அந்தத் தந்தியை எடுத்து 'ஓர் எலிக்கும்கூட' என்ற சொற்களைச் சுட்டிக் காட்டுகிறான். ஒரு காகிதத்தில் இருக்கும் இரண்டு மூன்று சொற்களைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு ஒரு சுண்டெலி பூனையின் முன் நிமிர்ந்து நிற்கும் அந்தக் காட்சி, மொத்தத் தொடரிலும் ஜெர்ரியின் அறிவைக் காட்டும் மிகக் கூர்மையான காட்சிகளில் ஒன்று.

டாம்தான் பாவம் என்று வாதாடுகிறவர்களின் முதல் சான்று இந்தப் படமே. அவர்கள் சொல்வதில் நியாயமும் இருக்கிறது. இங்கே ஜெர்ரிக்கு உயிர்ப்பயம் இல்லை, பசி இல்லை, பழைய கணக்கு எதையும் தீர்க்கும் நோக்கமும் தெரியவில்லை. பிறகு ஏன் வந்தான்? எனக்குத் தோன்றும் பதில், டாம் இல்லாத வீட்டில் அவனால் இருக்க முடியாது என்பதே. படத்தின் முடிவும் இதற்குத் துணை நிற்கிறது. பொறுமை இழந்த டாம் அந்தத் தந்தியைக் கிழித்தெறிந்துவிட்டு ஜெர்ரியைத் துரத்தி அடிக்கிறான். நடுவே ஒரு கணம் நின்று, நம்மைப் பார்த்து, பத்து இலட்சம் டாலரைத் தூக்கியெறிகிறேன், ஆனாலும் மகிழ்ச்சியாக இருக்கிறேன் என்று வாய்திறந்து சொல்கிறான். எப்போதாவது மட்டுமே பேசும் டாம் பேசத் தேர்ந்தெடுத்த இடம் அது. செல்வம் அவனுக்குத் தராத ஒன்றை இந்த எலி தருகிறான் என்பதை அவனே ஒப்புக்கொண்டுவிட்டான்.

இவ்வளவு உயர்வாகச் சொல்லிவிட்டு இதை முதலில் காட்ட வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம், மேலே சொன்ன பொருள் பழகியவர்களுக்கே எட்டும் என்பதுதான். டாமையும் ஜெர்ரியையும் அறியாத ஒருவருக்கு இது ஒருவன் திருப்பி அடிக்க முடியாத நிலையில் இருக்கும்போது இன்னொருவன் அவனை வதைக்கும் கதையாகத் தெரியும். சிறுவர்கள் பார்த்தால், பதில் சொல்ல முடியாதவரைச் சீண்டுவது வேடிக்கை என்று எடுத்துக்கொள்ளவும் இடமுண்டு. தந்தியின் வாசகத்தைப் படித்தால்தான் கதை புரியும் என்பது கூடுதல் சிரமம்.

1945ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்து ஆஸ்கர் பெற்ற 'கொயட் ப்ளீஸ்!' படத்தில் கட்டுப்பாடு எவருக்கும் உடனே புரியும். தூங்கும் நாய் ஸ்பைக் விழித்துக்கொண்டால் டாமுக்கு உதை விழும். ஆகவே ஜெர்ரி சத்தம் எழுப்பப் பார்க்கிறான், டாம் அதைத் தடுக்க வீடெங்கும் பறக்கிறான். ஜெர்ரி எறியும் மின்விளக்குகள் கீழே விழுந்து உடையாமல் டாம் கையிலும் காலிலும் தாங்கிப் பிடித்துக்கொண்டு அசைய முடியாமல் நிற்க, ஜெர்ரி அவனுடைய வாலை எடுத்து மின்செருகியில் சொருகிவிட, அத்தனை விளக்குகளும் ஒரே நேரத்தில் எரிகின்றன. வயிறு குலுங்கச் சிரிக்க வைக்கும் படம் வேண்டுமென்றால் இதைத் தாராளமாகக் காட்டலாம். ஆனால் இங்கே டாமைத் தண்டிப்பது ஸ்பைக். ஜெர்ரி அந்தத் தண்டனையைத் தூண்டிவிடுகிறவன். மூன்றாமவரின் பலத்தை இரவல் வாங்கிக்கொள்ளும் ஜெர்ரியைவிட, தனித்து நிற்கும் ஜெர்ரியையே முதலில் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இன்னும் இரண்டு படங்களை விரைவாகச் சொல்லிவிடலாம். 'மவுஸ் ட்ரபிள்' (1944) படத்தில் எலி பிடிப்பது எப்படி என்று கற்றுத்தரும் புத்தகம் ஒன்று டாமுக்குக் கிடைக்கிறது. ஆர்வமுள்ள எலியைப் பிடிப்பது எளிது என்று அதில் படித்த டாம், புத்தகத்தைப் பார்த்துத் தானே சிரித்துக்கொண்டிருக்க, எட்டிப் பார்க்க வந்த ஜெர்ரி அகப்பட்டுக்கொள்கிறான். அகப்பட்ட நொடியில் ஜெர்ரி தன் மூடிய உள்ளங்கைக்குள் ஏதோ இருப்பதுபோல் உற்றுப் பார்க்கத் தொடங்குகிறான்; இப்போது டாமுக்கு ஆர்வம் தாங்கவில்லை; குனிந்து பார்த்தவன் கண்ணிலேயே குத்து விழுகிறது. புத்தகம் சொன்னது சரிதான், ஆர்வம் யாருக்கு அதிகம் என்பதில்தான் பிசகு. சிறந்த படம், ஆயினும் அதன் மையம் டாமின் தோல்விகள். 'தி லோன்சம் மவுஸ்' (1943) படத்தில் டாமை வீட்டைவிட்டுத் துரத்த வைத்து முதலில் கொண்டாடும் ஜெர்ரி, வீடு வெறிச்சோடியதும் தனிமை பொறுக்காமல் டாமோடு சேர்ந்து திட்டம் போட்டு அவனைத் திரும்ப உள்ளே கொண்டுவருகிறான். ஜெர்ரியின் குறும்புக்குள் துணை தேடும் மனம் இருக்கிறது என்பதற்கு இதைவிட நேரான சான்று கிடையாது. இருவரும் பேசுவதாலும், பணிப்பெண் பாத்திரம் பெரும்பகுதி வருவதாலும் இது பிற்பாடு பார்க்க வேண்டிய படம்.

எஞ்சுபவை இரண்டு. இவற்றுக்கிடையே தேர்ந்தெடுப்பதுதான் கடினம்.

'தி நைட் பிஃபோர் கிறிஸ்மஸ்' 1941 டிசம்பர் 6ஆம் நாள் வெளிவந்தது. இணையின் மூன்றாவது படம், ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்ட படம். வளைக்கு முன்னால் பாலாடைக்கட்டியும் நாடாவும் கட்டிய எலிப்பொறி வைக்கப்பட்டிருக்கிறது. வெளியே வரும் ஜெர்ரி அதைச் சட்டை செய்யாமல் தாண்டிக்கொண்டு போய், கிறிஸ்மஸ் மரத்தடியில் குவிந்திருக்கும் பொம்மைகளுக்கிடையே தனியாக விளையாடத் தொடங்குகிறான். எவரையும் சீண்டாமல், எவரும் பார்க்காமல், தன் மகிழ்ச்சிக்காகத் துள்ளித் திரியும் ஜெர்ரியை இவ்வளவு நேரம் நாம் வேறெங்கும் பார்ப்பது அரிது. மெத்தென்று இருக்கிறதே என்று அவன் குதிப்பது, பொம்மைகளோடு பொம்மையாகத் தூங்கிக்கொண்டிருக்கும் டாமின் மீது. துரத்தல் தொடங்குகிறது. ஒரு கட்டத்தில் ஜெர்ரி வெளியே பனிக்குள் போய்விட, டாம் வாசலை அடைத்துவிடுகிறான்.

அதன் பிறகு வருவது இந்தத் தொடரில் எவரும் எதிர்பார்க்காத அமைதி. வெளியே பாடல் கேட்க, டாம் தன் படுக்கையில் புரண்டுகொண்டே இருக்கிறான். முடிவில் போய்க் கதவைத் திறந்து, விறைத்துப்போன ஜெர்ரியைத் தூக்கிவந்து நெருப்பருகே வைத்துச் சூடேற்றுகிறான். உயிர் மீண்ட ஜெர்ரி, டாம் தன் கிண்ணத்துப் பாலில் வாய்வைக்கப் போகும்போது பதறித் தடுக்கிறான். கையிலிருந்த வளைந்த மிட்டாய்க் குச்சியைப் பாலுக்குள் விட, உள்ளே மறைந்திருந்த எலிப்பொறி பட்டென்று அடித்துக்கொண்டு வெளியே வருகிறது. அதை அங்கே வைத்தவனும் அவன்தான். எப்போது வைத்தான் என்று படம் காட்டுவதில்லை; நாம் பார்க்காதபோதும் அவன் வேலை செய்துகொண்டிருந்திருக்கிறான் என்பது ஒரு நொடியில் புரிகிறது. தன் குற்றத்தைத் தானே வெளியே எடுத்துப் போடும் ஜெர்ரியின் முகத்தில் வெட்கமும் நட்பும் ஒருசேரத் தெரிகின்றன.

ஐந்தாறு வயதுப் பிள்ளைக்குக் காட்டுவதற்கு இதைவிடப் பொருத்தமான படம் இல்லை என்று சொல்லும் ரசிகர்களோடு நான் ஏறக்குறைய உடன்படுகிறேன். என்னைத் தயங்க வைப்பது ஒன்றே ஒன்று. இந்தப் படத்தில் ஜெர்ரியின் குறும்பு நிறைவு பெறுவது அதை அவன் கைவிடும்போதுதான். பொறியை வைத்த ஜெர்ரியை அறியாத ஒருவர், பொறியை எடுத்த ஜெர்ரியின் அருமையை எப்படி அறிவார்? சமாதானத்தின் இனிமை, சண்டையை முன்பே பார்த்தவர்களுக்குத்தான் முழுமையாகக் கிடைக்கும். ஆகவே இது இரண்டாவதாகப் பார்க்கும்போது பல மடங்கு உயர்ந்துவிடும் படம்.

முதற்படமாக நான் தேர்ந்தெடுப்பது 1947 ஏப்ரலில் திரைக்கு வந்த 'தி கேட் கான்செர்ட்டோ'. எனக்கு மிகவும் பிடித்த படமும் இதுவே. விருது பெற்றது, புகழ்பெற்றது, இசைக்குத் தக்கபடி விரல்களை வரைந்த நேர்த்தி வியக்கத்தக்கது என்று வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் அனைத்தும் உண்மை. ஆனால் நான் இதைத் தேர்ந்தெடுப்பது டாமின் கையைக் கட்டியிருக்கும் கயிறு இதில் எது என்பதற்காக.

டாம் முழு மேடை உடையில் வந்து பியானோ முன் அமர்ந்து, இசையமைப்பாளர் பிரான்ஸ் லிஸ்ட்டின் இரண்டாவது ஹங்கேரியன் ராப்சடி என்ற பியானோ இசைப்படைப்பை வாசிக்கத் தொடங்குகிறான். பியானோவுக்குள் தந்திகளை அடிக்கும் சுத்தியல் கட்டைகளின் மேல் ஜெர்ரி தூங்கிக்கொண்டிருக்கிறான். கட்டைகள் அவனைத் தூக்கித் தூக்கிப் போட, விழித்துக்கொள்கிறான். இதுவரை அவன் பக்கம் நியாயம் இருக்கிறது. தூக்கம் கலைந்தவன் கோபப்படலாம். அவன் கோபப்படவில்லை என்பதைத்தான் நான் கவனிக்கச் சொல்கிறேன். பியானோவின் மேல் வந்து அமர்ந்து, டாமைப் பார்த்து, இசைக்குழுவை நடத்துகிறவரைப் போலக் கையை அசைத்துப் பாவனை காட்டுகிறான். கலைந்த தூக்கம் அந்த நொடியிலேயே மறந்துபோயிற்று. ஒரு விளையாட்டு கிடைத்துவிட்ட மகிழ்ச்சி மட்டுமே முகத்தில் இருக்கிறது. டாம் வாசிப்பை நிறுத்தாமலே ஒரு விரலால் அவனைச் சுண்டி எறிகிறான். அந்தச் சுண்டலில்தான் ஜெர்ரிக்குச் செய்தி கிடைக்கிறது: இவன் வாசிப்பை நிறுத்தமாட்டான்.

ஏன் நிறுத்தமாட்டான்? பணிப்பெண்ணின் எச்சரிக்கை இல்லை, சொத்து பறிபோகும் என்ற அச்சம் இல்லை, தூங்கும் நாயும் இல்லை. எந்த நேரமும் எழுந்து ஜெர்ரியைத் துரத்த அவனுக்கு முழு உரிமை உண்டு. சபையின் முன் தான் ஒரு பெரும் கலைஞனாகத் தெரிய வேண்டும் என்ற அவனுடைய பெருமிதம் ஒன்றுதான் அவனைக் கட்டிப் போட்டிருக்கிறது. மற்றப் படங்களில் ஜெர்ரி பிறர் போட்ட கட்டைப் பயன்படுத்திக்கொள்கிறான். இங்கே டாம் தனக்குத் தானே போட்டுக்கொண்ட கட்டைக் கண்டுபிடிக்கிறான். அதனால் எவரும் டாமுக்காகக் கண்ணீர் விட வேண்டியதில்லை, ஜெர்ரியைக் கொடுமைக்காரன் என்று சொல்லவும் வழியில்லை. எல்லாக் காலத்திலும் குறும்பு செய்கிறவர்கள் குறிவைத்தது இப்படிப்பட்ட பெருமிதத்தைத்தான்.

அத்துடன், இதில் டாம் கையாலாகாதவனும் அல்லன். வாசித்துக்கொண்டே ஜெர்ரியைத் திருப்பி அடிக்க அவனுக்கு நிறைய வழி இருக்கிறது, அவன் அடிக்கவும் செய்கிறான். கட்டைகளுக்கு நடுவே அகப்பட்ட ஜெர்ரியை அதே சுரத்தை மீண்டும் மீண்டும் அழுத்தி மொத்துகிறான். இருக்கைக்குள் அவனைத் திணித்து மூடிவிடுகிறான். ஜெர்ரி விரல்கள்மேல் மூடியைப் போட்டு அடைக்கிறான். பியானோ கட்டைகளின் ஒரு கோடியில் கத்தரிக்கோலைப் பிடித்துக்கொண்டு டாமின் விரல் வருவதற்காகக் காத்திருக்கிறான். அது பலிக்காதபோது வெண்கட்டைகளை எடுத்துவிட்டு அங்கே எலிப்பொறியை வைக்கிறான். டாமின் விரல்கள் பொறியின் இருபுறமும் துள்ளித் துள்ளிப் போய்வருகின்றன. அடுத்த சுரத்தில் மாட்டும், அடுத்ததில் மாட்டும் என்று பார்க்கிறவர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க, மாட்டாதென்றே நம்பத் தொடங்கிய பிறகுதான் மாட்டுகிறது. பாலுக்குள் பொறி வைத்தவனின் பொறுமைதான் இங்கேயும். எலியைப் பிடிக்கச் செய்த கருவியை எலியே எடுத்துப் பயன்படுத்துவது இந்தத் தொடரில் அடிக்கடி வருவது. இந்த அளவு அழகாக வேறெங்கும் வரவில்லை.

ஜெர்ரி கட்டைகளின்மேல் நடனமாடி, லிஸ்ட்டின் இசையையே சிறிது நேரம் ஒரு துள்ளல் பாட்டாக மாற்றிவிடும் இடத்தையும் தனியாகச் சொல்ல வேண்டும். அது டாமைத் துன்புறுத்துவதற்காகச் செய்யும் செயலாக எனக்குத் தோன்றவில்லை. கால் அங்கே போயிற்று, சுரம் வந்தது, ஆடத் தொடங்கிவிட்டான். எதிராளியை மறந்துவிட்டுத் தன் குறும்பிலேயே மகிழ்ந்து திளைக்கும் ஜெர்ரி அது. பொம்மைகளுக்கு நடுவே விளையாடிய அதே ஜெர்ரி. உயிர் பிழைக்கவே எல்லாம் செய்கிறான் என்ற தரப்பினரும், வம்புக்கென்றே பிறந்தவன் என்ற தரப்பினரும் இந்தச் சில நொடிகளுக்குத் தங்கள் வாதத்தில் இடம் தருவதில்லை.

முடிவைப் பற்றி ரசிகர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. உள்ளே நொறுங்க அடிபட்ட ஜெர்ரி, இரண்டு சுத்தியல் கட்டைகளைப் பிடுங்கிக்கொண்டு ராப்சடியின் இறுதிப் பகுதியைத் தானே அடித்து வாசிக்கிறான். முடிந்தது என்று நினைக்கும் இடத்தில் மீண்டும் தொடங்குகிறது, மீண்டும் முடிகிறது, மீண்டும் தொடங்குகிறது. டாம் உடை கலைந்து களைத்துச் சரிகிறான். சபை ஆர்ப்பரிக்க, ஒளிவட்டம் ஜெர்ரியின்மேல் விழுகிறது. அத்தனை நேரம் வாசித்தவன் டாம், பாராட்டைத் தட்டிப் பறித்தவன் ஜெர்ரி என்று சிலர் குறை சொல்கிறார்கள். நான் அப்படி எண்ணவில்லை. கடைசிச் சுரங்களை வாசித்தவன் ஜெர்ரிதான், அதுவும் பிழையில்லாமல். விளையாட்டாகக் கையசைத்துத் தொடங்கியவன், முடிவில் உண்மையிலேயே அந்த இசையை வழிநடத்தி முடித்துவிட்டான். கேலி செய்கிறவனுக்குக் கேலி செய்யப்படும் கலை தெரிந்திருக்கிறது என்பது ஜெர்ரியைப் பற்றி இந்தப் படம் சொல்லும் மிக முக்கியமான செய்தி.

இதே ராப்சடியை வைத்து வார்னர் நிறுவனம் 1946இல் பக்ஸ் பன்னி என்ற முயலைக் கொண்டு 'ராப்சடி ராபிட்' என்ற படத்தை வெளியிட்டது. பியானோ, எலி, குறுக்கீடு என்று பலவும் ஒத்திருந்ததால், யார் யாரைப் பார்த்துச் செய்தார்கள் என்ற சர்ச்சை எழுந்தது. அதை இங்கே சொல்வது ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. அந்தப் படத்து எலிக்குப் பெயரில்லை, குணமும் இல்லை. முயலின் வாசிப்புக்கு இடையூறாக ஓர் எலி தேவைப்பட்டது, ஓர் எலி வந்தது. அந்த இடத்தில் ஜெர்ரியை வைத்தவுடன் இடையூறு ஓர் ஆளுமையாகிவிடுகிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பவர், ஜெர்ரியின் சிறப்பு அவன் செய்யும் செயல்களில் மட்டும் இல்லை, அவற்றைச் செய்யும்போது அவன் முகத்தில் வந்துபோகும் எண்ணங்களில் இருக்கிறது என்பதைத் தாமே கண்டுகொள்வார்.

இந்தத் தேர்வுக்கு ஒரு குறையும் உண்டு. மேற்கத்தியச் செவ்விசைக் கச்சேரியின் ஒழுங்கை அறியாத சிறு பிள்ளைக்கு, டாமின் பெருமிதத்தில் பாதி பிடிபடாமல் போகலாம். அதைப் பெரிய தடையாக நான் கருதவில்லை. டாம் உட்காரும் விதமும், முகத்தை நிமிர்த்திக் கண்ணை மூடிக்கொள்ளும் தோரணையும் இவன் தன்னைப் பெரிய ஆளாக நினைத்துக்கொண்டிருக்கிறான் என்று எந்த வயதினருக்கும் சொல்லிவிடும். கதை புரிய ஒரு சொல்லும் தேவையில்லை. காட்டத் தயங்க வேண்டிய மனிதப் பாத்திரமும் இல்லை.

ஆகவே ஒரே அமர்வில் மூன்று படங்கள் பார்க்க நேரமிருந்தால் 'தி கேட் கான்செர்ட்டோ', 'தி நைட் பிஃபோர் கிறிஸ்மஸ்', 'தி மில்லியன் டாலர் கேட்' என்ற வரிசையில் காட்டுமாறு பரிந்துரைக்கிறேன். முதல் படத்தில் பொறி வைக்கும் ஜெர்ரியைப் பார்த்துவிட்டால் இரண்டாவதில் பொறியை எடுக்கும் ஜெர்ரி நெஞ்சைத் தொடுவான். அவர்களுக்கிடையே இருப்பது வெறும் பகை மட்டும் இல்லை என்று அறிந்த பிறகு மாளிகைவரை அவன் பின்தொடர்ந்து வருவதைக் கொடுமையாக எடுத்துக்கொள்ளத் தோன்றாது. மிகச் சிறிய பிள்ளையானால் முதலிரண்டை இடம் மாற்றிக்கொள்ளலாம், மூன்றாவதைச் சில ஆண்டுகள் தள்ளி வைக்கலாம். எப்படிக் காட்டினாலும் 'தி கேட் கான்செர்ட்டோ'வை ஒலியைக் குறைத்துவிட்டோ, இடையில் துண்டித்தோ காட்ட வேண்டாம். அந்தப் பொய் முடிவுகளையெல்லாம் கடந்து கடைசிக் கைத்தட்டல்வரை பார்த்தால்தான், யாருக்குக் கைதட்டுவது என்ற விவாதத்தில் புதிதாகப் பார்த்தவரும் சேர்ந்துகொள்ள முடியும்.